பேர் மாத்தாத வைஃபை

வீட்டு ரவுட்டர் பார்க்கிற தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: "சிக்னல் சரியில்ல" என்று ஒரு வீட்டில் கூப்பிட்டால், அந்த வீட்டு ஆள் ஒருவர் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் உறைந்துபோகும், அறைக்குள் போனால் குரல் மட்டும் வரும், கடைசியில் வாசல் படியில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப கேக்குதா, இப்ப கேக்குதா" என்று கேட்டிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள். மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஏறாவூரில் பாதிச் சனம் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறது. நானும் அந்தப் பாதிக்குள்தான்.

என் பேர் பஸ்லியா. இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்குக் காரணம் ரெண்டு. எங்கள் ஊரில் ஆம்பிளை வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில், லைன் போட வருகிறவர் முன் ஹோலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். வர விடவும் மாட்டார்கள். பெட்டியை வாசல் கதவோடு பூட்டிவிட்டுப் போய்விடுவார். பொண்டாட்டி இருப்பது குசினியில், சிக்னல் இருப்பது செருப்புக் கழற்றுகிற இடத்தில். பொம்பிளை ஒருத்தி இந்த வேலையைச் செய்தால் உள்ளறை வரைக்கும் போகலாமே என்று யோசித்தேன். அது முதலாவது காரணம்.

ரெண்டாவது காரணம் என் மாப்பிள்ளை நிஸாம். கலியாணம் முடித்து ஒரு வருசத்தில் கட்டாருக்குப் போனார். போவதற்கு முதல் நாள் ஒரு ரவுட்டரை வாங்கி வந்து, தன் கையாலேயே வைஃபைக்குப் பேரும் பாஸ்வேர்டும் போட்டார். "இத மாத்திராத, பஸ்லி. நான் வந்து வாசல்ல கால் வெக்கக்குள்ள போன் தானாப் புடிக்கணும்" என்று சொன்னார். ரெண்டு வருசம் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குள் தன் தங்கச்சிக்குச் சீதன வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அந்த வீட்டுக்காக அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், வெளிநாடு போவார்கள். நான் இருக்கிற வீடும் என் காக்கா சவூதியில் இருந்து கட்டித் தந்ததுதான். அதனால் இந்த விசயத்தில் நான் வாய் திறக்க ஏலாது.

பூட்டின பெட்டி

முதல் மாரியிலேயே நிஸாம் வாங்கித் தந்த ரவுட்டர் மின்னலில் செத்துப்போனது. லைனையும் மாற்ற வேண்டி வந்தது. வந்த ஆள் கம்பனிப் பெட்டி ஒன்றைச் சுவரில் பூட்டினார். வைஃபைக்கும் கம்பனியே ஒரு பேர் வைத்திருந்தது. "அந்தப் பேர எடுத்துட்டு எங்கட பழைய பேரப் போட்டுத் தாங்க" என்றேன். பேர் மாற்றுகிற செட்டிங் பக்கத்தைக் கம்பனித் தலைமைக் கந்தோரில் பூட்டி வைத்திருக்கிறார்கள், எங்களாலும் திறக்க ஏலாது என்றார்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "என்ட வீட்டுச் சுவர்ல, என்ட கரண்ட்ல எரியிற சாமானுக்கு நான் பேர் வெக்க ஏலாதா?" என்று கேட்டேன். உள்ளே இருந்து உம்மா, "பஸ்லியா, சத்தம் ரோட்டுக்குக் கேக்குது" என்றார். நான் விடவில்லை. பாவம், அந்த ஆள் மிச்ச வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: "ராத்தா, பேர் என்னவா இருந்தா என்ன, நெட் ஒண்டுதானே."

அடியில் ஒட்டின கடுதாசி

அவர் போனபிறகு உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து ஜெயந்திக்குப் போனில் கோல் எடுத்தேன். ஜெயந்தி என்னோடு கம்பியூட்டர் கோர்ஸ் படித்தவள். இப்போது வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "கம்பனிப் பெட்டி கிடந்திட்டுப் போகட்டும். அதுக்குப் பின்னால உன்ட சொந்த ரவுட்டர் ஒண்டைப் போடு. ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஏறுற ரவுட்டராப் பார்த்து வாங்கு" என்றாள்.

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் இருந்துகொண்டு பெட்டியை ஓட்டுகிற மென்பொருள். கடையில் வாங்கும்போது செய்தவர்கள் போட்டது உள்ளே இருக்கும். கொஞ்ச வருசத்தில் அதை அவர்களே கைவிட்டுவிடுவார்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பது. அதை ஏற்றினால் பெட்டி நம் சொல் கேட்கும். பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் வெளிநாட்டுக் கோலுக்கு முதலில் வழி விடச் சொல்லலாம். போட்ட பேர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக எடுத்து வைக்கலாம். எந்த ரவுட்டரில் ஏறும், எதில் ஏறாது என்று இணையத்தில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது.

பட்டியலில் ஒரு மொடலைத் தெரிந்தெடுத்து, மட்டக்களப்பு டவுனுக்குப் போய் அதே பேரில் ஒன்றை வாங்கி வந்தேன். ஏறவில்லை. மூன்று தரம் முயற்சி செய்துவிட்டு, வெறுத்துப்போய்க் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒட்டின கடுதாசியில் வேர்ஷன் நாலு என்று இருக்கிறது. பட்டியலில் சொன்னது வேர்ஷன் ரெண்டு. அதே பேர், அதே பெட்டி, அதே நிறம். உள்ளே மெமரியைப் பாதியாக்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலையிலேயே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்து மாற்றி எடுத்தேன். இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் ரவுட்டரைக் கையில் எடுத்தால், மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அந்தக் கடை முதலாளி இன்றைக்கும் என்னைக் கண்டால் சொல்வார்: "தங்கச்சி, ஊரெல்லாம் முகத்தப் பார்த்து வாங்குது, நீங்க மட்டும் அடியப் பார்த்து வாங்குறீங்க."

எட்டுக் கொம்பு

மாற்றி எடுத்த பெட்டியில் எல்லாம் ஏறியது. நிஸாம் வைத்த பேரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். அவருடைய போனின் அடையாள எண்ணை அவரிடமே கேட்டு வாங்கி, வீட்டுப் போன்களின் பட்டியலில் "மச்சான் போன்" என்று எழுதி வைத்தேன். வீட்டில் இருக்கிற போன்கள் பச்சையில் காட்டும். வீட்டில் இல்லாதது சாம்பல் நிறத்தில் காட்டும். இதையெல்லாம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலை தெரியும் என்று மட்டும் ஊருக்குள் பரவி, ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள்.

சித்தாண்டியில் இருந்து கணபதிப்பிள்ளை ஐயா கூப்பிட்டார். அவருடைய மகன் சுவிஸுக்குப் போய் ஏழு வருசம். அறுவடை வெட்டுக்கு முந்தி விளைந்த வயலை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டானாம். ஐயா எட்டு அன்ரனாக் கொம்பு வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "வயல் வட்டை முழுக்க அடிக்கும் எண்டு கடையில சொன்னவன், பிள்ள" என்றார். வீட்டுக் கோடியில் இருந்தே வயல் தொடங்குகிறது, ஆனால் சிக்னல் கிணற்றடியோடு நின்றுவிட்டது. கொம்புக் கணக்குக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். கவிழ்த்துப் பார்த்தேன். பட்டியலிலும் இல்லை, உள்ளே இருக்கிற சிப்பைச் செய்தவர்கள் அதன் விபரத்தை வெளியில் கொடுப்பதில்லை, அதனால் ஓப்பன் சோர்ஸ்காரர் ஒன்றும் செய்ய ஏலாது.

என்னிடம் ரெண்டு கொம்பு வைத்த பழைய ரவுட்டர்கள் இரண்டு கிடந்தன. ரெண்டிலும் ஒரே ஃபர்ம்வேரை ஏற்றி, ஒன்றை வீட்டுக் கூரை ஓரத்திலும் மற்றதை வயல் நடுவில் காவல் பரணிலும் கட்டினேன். பரணில் உள்ளதற்குச் சின்னச் சோலார் தகடும் பற்றரியும். இடையில் மரம் ஒன்றும் இல்லாததால் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொண்டன. ஐயாவுக்கு அவற்றின் தோற்றம் பிடிக்கவில்லை. எட்டுக் கொம்பைத்தான் ஹோலில் வடிவுக்கு வைத்தார். ரெண்டு நாள் கழித்து, மகன் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தான், வரம்பு வரம்பாக நடத்திக் காட்டினேன், கதிரைக் கையில் பிடித்தும் காட்டினேன் என்றார். பிறகு சொன்னார்: "கமராவ வயல் பக்கமே திருப்பி வெச்சிட்டன், பிள்ள. அவன் வயலப் பார்த்தான், நான் அவன வடிவாப் பார்க்கல்ல."

கார்கோவில் வந்தது

வளைகுடாவில் இருந்து கார்கோப் பெட்டி வந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: சவர்க்காரம், பால்மா, போர்வை. இப்போது ரவுட்டரும் வருகிறது. அங்கே பாவித்ததை, நல்ல சாமான் என்று சுற்றி அனுப்புகிறார்கள். அது அந்த நாட்டு சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டினது என்று அனுப்புகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் நான் இப்படிப் பார்த்துவிட்டேன்.

றிஹானாவின் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். மாப்பிள்ளை குவைத்தில் இருந்து அனுப்பினது. நல்ல வெள்ளைப் பெட்டி, மெனு முழுக்க அரபு. பூட்டை எடுக்கலாமா என்று ஒரு பகல் முழுக்கப் பட்டியலைத் தேடினேன். அந்த மொடல் எங்கேயும் இல்லை. "இத வெச்சிட்டு வேற ஒண்டு வாங்குவம்" என்று சொன்னதும் அவளுடைய முகம் வாடிப்போனது. புதிதாக வாங்கினதை அலுமாரிக்கு மேலே மறைவாக வைக்கச் சொன்னாள். கார்கோவில் வந்ததற்குத் தானே பின்னின லேஸ் துணி ஒன்றை விரித்து, ஹோல் மேசையில் கரண்ட் கொடுத்து வைத்தாள். சும்மா எரிகிற சாமானுக்கு ஏன் கரண்ட் என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவள் கோபிக்கவில்லை. "வேலை செய்யாட்டியும் பரவாயில்ல ராத்தா, அவர் கோல் எடுக்கக்குள்ள பின்னால இது எரிஞ்சிட்டு இரிக்கணும்."

இடாப்பில் ஒரு பேர்

நிஸாமின் லீவு மூன்று தரம் தள்ளிப்போனது. முதல் தரம், தங்கச்சி வீட்டுச் சுவர் எழும்ப வேண்டும். ரெண்டாம் தரம், கொங்கிறீட். மூன்றாம் தரம், அவருக்குப் பதிலாக வேலை பார்க்க வேண்டியவர் வரவில்லை. ரெண்டு வருசம் நாலரை வருசம் ஆனது. அதற்குள் என் வீட்டில் இரண்டாவது ரவுட்டரும் பழசாகி மூன்றாவது வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் எடுத்து வைத்த ஃபைலைத் திரும்ப ஏற்றுவேன். அதே பேர், அதே பாஸ்வேர்ட், பட்டியலில் அதே "மச்சான் போன்". வீட்டுக்கு வருகிறவர்கள், ஒரே பாஸ்வேர்டை இத்தனை வருசம் வைத்திருக்கக் கூடாது என்று எனக்கே படிப்பிப்பார்கள். மற்றவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் ஜெயந்தி பள்ளிக்கூட ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் கொண்டுபோக வந்தாள். லப்டொப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது அவள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மாவின் போன் பச்சை, வாப்பாவின் போன் பச்சை, என்னுடையது பச்சை, "மச்சான் போன்" சாம்பல். ஒரு நாளும் வந்து சேர்ந்ததாக அதில் பதிவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு மெல்லமாகச் சொன்னாள்: "எங்கட பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒரு பிள்ள வராம இருந்தா, எப்பயோ வரவு இடாப்பில பேர வெட்டியிருப்பம், பஸ்லியா."

வாசலில் கால் வைத்த நாள்

இந்த வருசம் அந்தத் தங்கச்சி, என் மதினியின் வீடு ஒரு மாதிரி எழும்பி முடிந்தது. நிஸாமுக்கு நாற்பது நாள் லீவு கிடைத்தது. செய்தி கேட்டு மற்றவர்கள் பெயின்ற் வாங்கப் போனார்கள், நான் ரவுட்டர் வாங்கப் போனேன். இருந்தது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பட்டியலைப் பார்த்தேன். அடிக் கடுதாசியைப் பார்த்தேன். மெமரி தாராளமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஏற்றும்போது பிழைத்தால் மீட்டெடுக்க வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஏற்றுகிற நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி வெறும் செங்கல்தான்; அதற்காக ஜெயந்தியிடம் பற்றரிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கினேன். கடைசியாக எல்லா அறைக்கும் போனைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கேற்றடியிலும் சிக்னல் முழுக் கட்டை அடித்தது.

விமான நிலையத்தில் இருந்து அவரை ஏற்றின வான் காலை பத்து மணிக்கு வந்தது. எல்லாரும் கேற்றடிக்கு ஓடினார்கள். நான் ஹோலில் லப்டொப்புக்கு முன்னால் நின்றேன். பைத்தியம்தான், தெரியும். நாலரை வருசம் அந்த ஒரு வரி பச்சையாவதைப் பார்க்கத்தான் நான் இந்தத் தொழிலே படித்தேன். "மாப்பிள்ள வாசல்ல நிக்கிறாரு, நீ அங்க என்னத்தப் பார்த்திட்டு நிக்கிறாய்" என்று உம்மா கத்தினார். அவர் படியில் கால் வைத்தார். உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவரைப் பார்த்தேன், திரும்பவும் வரியைப் பார்த்தேன். சாம்பல்.

முன் ஹோல் கதிரையில் அவரை இருத்தினார்கள். விருந்தாளிகளுக்கு எடுக்கிற கண்ணாடிக் கிளாசில் உம்மா சர்பத் கொடுத்தார். குடித்துவிட்டுச் சட்டைப்பையில் இருந்து நான் கண்டிராத பெரிய போன் ஒன்றை எடுத்து, "பஸ்லி, இஞ்ச வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டார். பழைய போன் எப்போதோ கட்டிட வேலையில், சாரத்தின் உயரத்தில் இருந்து விழுந்து உடைந்துபோனதாம். கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். "நீங்க போட்டதுதான்" என்றேன். யோசித்தார். ரெண்டு தரம் எதையோ அடித்துப் பார்த்தார். பிழைத்தது. "நான் என்னகா போட்டன்?" என்றார்.

போனை வாங்கி நானே அடித்தேன். என் பேரும் எங்கள் கலியாணத் திகதியும். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உம்மாவும் வாப்பாவும் மெல்ல வெளியே போனார்கள். "ஏன் மச்சான், மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அவர் என் கையை விடாமல் சொன்னார்: "அங்க கேம்பில மாசம் மாசம் மாத்துவானுகள், பஸ்லி. இஞ்சயும் எப்பயோ மாத்தியிருப்பீங்க எண்டு நினைச்சிட்டன்."

நாற்பதாம் நாள்

பழைய வரியை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. புதுப் போனுக்கு அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். நாற்பது நாளும் அது பச்சையாக இருந்தது. சந்தைக்குப் போனால் மறையும், திரும்பி வந்தால் எரியும். குசினியில் இருந்துகொண்டே அவர் கேற்றடிக்கு வந்துவிட்டார் என்று கண்டுபிடித்து, தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன். எட்டுக் கொம்பு தேவையில்லை, அதற்கு ரெண்டு கொம்பு போதும். இனிப் போகாமல் விடுங்க என்று ஒரு நாள் கேட்டேன். மதினியின் வீட்டுக்கு இன்னும் கதவு, யன்னல், மதில் இருக்கிறது என்றார். என் காக்கா கட்டின வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வேறு என்ன கதைக்க ஏலும்?

போகிற அன்றைக்கு வான் பகலில் வந்தது. இந்தத் தரம் நான் லப்டொப்பைத் திறக்கவில்லை, அவரோடு கேற்றடி வரைக்கும் போனேன். வானில் ஏறினவர், கதவைச் சாத்துவதற்கு முந்தி போனைத் தூக்கி எனக்குக் காட்டினார். நம்முடைய வைஃபை இன்னும் அதில் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு சொன்னார்: "இந்த முறை போனை மாத்தமாட்டன், பஸ்லி."

ஆகவே ரவுட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இவ்வளவுதான் சொல்வேன்: கவிழ்த்து வேர்ஷனைப் பாருங்கள், பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மெமரியைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள், வீட்டில் இல்லாத ஆட்களின் பேரையும் அந்த மெமரிதான் வைத்திருக்க வேண்டும்.